பள்ளியைச் சாராத சாரணர் படை: தொடங்குவது எளிது, நிலைக்க வைப்பது எப்படி?

பின்னால் வந்து வாசிப்பவர்களுக்காகக் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அம்பாசமுத்திரம் பக்கம், வங்கி வேலை, பள்ளியில் படிக்கும்போது சாரணராக இருந்தவர். தன் ஊர்ப் பையன்களுக்காக, எந்தப் பள்ளியையும் சாராமல், இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு படை தொடங்க நினைக்கிறார். யாருக்கும் சம்பளம் கிடையாது, வாரத்தில் ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எங்கே பதிவு செய்ய வேண்டும், சீருடைக்கு என்ன செய்வது, என்னவெல்லாம் சொல்லிக்கொடுப்பது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் "நாளைக்கே எனக்கு மாற்றல் வந்தால் என்ன ஆகும்?" என்று ஒரு வரி போட்டிருக்கிறார். உண்மையான கேள்வி அதுதான். மற்றதெல்லாம் மாவட்ட அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

நான் பாளையங்கோட்டையில் ஆசிரியராக இருந்தவன். பள்ளிப் படையும் நடத்தியிருக்கிறேன், பள்ளிக்கு வெளியே ஒரு படையிலும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன், சாரண ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஹிமாலயா வுட் பேட்ஜ் என்ற உயர்நிலை வரை போனேன். ஆகவே கீழே சொல்வதில் சில இயக்கத்தின் விதி, சில என் அனுபவம், சில வெறும் அபிப்பிராயம். எது எது என்று அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. பள்ளிப் படைக்கும் வெளிப் படைக்கும் பெரிய வேறுபாடு என்னவென்றால், பள்ளியில் பையன்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள், மணி அடித்தால் வருவார்கள், ஆசிரியர் மாறினால் தலைமையாசிரியர் வேறொருவரைப் போடுவார். வெளிப் படையில் பையன் வீட்டிலிருந்து கிளம்பி வர வேண்டும். கிரிக்கெட், டியூஷன், செல்போன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வர வேண்டும். அவனை வரவைப்பது உங்கள் பாடம் இல்லை, அவனுடைய அணி. அணியில் அவனுக்கென்று ஒரு வேலை இருந்து, அவன் வராவிட்டால் அந்த வேலை நடக்காது என்ற நிலை இருந்தால் வருவான். எல்லாவற்றையும் சாரண ஆசிரியரே செய்கிற படையில் இரண்டு மாதத்தில் எண்ணிக்கை பாதியாகும். நான் பார்த்த அளவில் நின்றுபோன படைகளில் பெரும்பாலானவை பணம் இல்லாமல் நிற்கவில்லை, ஒரே ஆள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடிக் களைத்துப்போனதால் நின்றன.

விதிப்படி ஒரு அணி என்றால் ஆறிலிருந்து எட்டுப் பேர், ஒரு படைக்கு அதிகபட்சம் 32 பேர். சாரணர் வயது 10 முதல் 17 வரை. இந்த எண்களைப் பார்த்துவிட்டு முதல் வாரமே நாலு அணி வேண்டும் என்று தெருத் தெருவாக நோட்டீஸ் கொடுக்காதீர்கள். எட்டுப் பையன்கள் போதும், ஒரே அணியாக. அவர்களோடு நாலைந்து மாதம் நீங்களே அணித்தலைவர் மாதிரி இருந்து எல்லாவற்றையும் பழக்குங்கள். அப்புறம் அந்த எட்டுப் பேரில் நாலு பேர் தலைவர், நாலு பேர் துணைத்தலைவர் என்று பிரித்துவிட்டுப் புதியவர்களைச் சேருங்கள். இப்படித் தொடங்கியது நிலைத்திருக்கிறது. முப்பது பையன்களோடு பந்தல், மைக், சிறப்பு விருந்தினர் என்று தொடங்கியதில் பெரும்பாலும் அந்தத் தொடக்க விழாவின் போட்டோ மட்டும்தான் மிஞ்சுகிறது.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன், ஏனென்றால் எந்தப் பயிற்சி முகாமிலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் காலத்திலிருந்தே ஒரு யோசனை உண்டு: பையன்கள் தாங்களாகவே கூட்டுச் சேருகிறவர்கள், அந்தக் கூட்டையே அணியாக்கிவிடு. நல்ல யோசனைதான். ஆனால் திருநெல்வேலிச் சீமையில் பையன்கள் தாங்களாகக் கூட்டுச் சேர்ந்தால் அது தெருவாக இருக்கும், தெரு என்றால் அது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு அணி என்று விட்டுவிட்டால் கயிறு இழுக்கும் போட்டி கூட வேறு ஒன்றாக மாறிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது, அதில் மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுக்குத் தடை வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை. நீங்கள் படை தொடங்கப் போவது இந்த மண்ணில், இந்த வயதுப் பையன்களை வைத்து. அதை மறந்துவிட்டு முடிச்சு மட்டும் சொல்லிக்கொடுக்க முடியாது.

இதில் நான் செய்தது இது. சேரும்போது ஒவ்வொரு பையனிடமும் உனக்குக் கூட இருக்க வேண்டிய இரண்டு பேர் பெயரைச் சொல் என்று தனியாகக் கேட்டுக்கொள்வோம். அந்த இருவரில் ஒருவன் அவன் அணியில் கண்டிப்பாக இருப்பான், மற்றபடி தெருக்கள் கலந்துதான் இருக்கும். ஒருவனையும் தனியாகக் கொண்டுபோய்த் தெரியாத கூட்டத்தில் போடக்கூடாது, அது கலப்பு இல்லை, தண்டனை. சேர்க்கைப் படிவத்தில் சாதிக்குக் கட்டம் கிடையாது. கையில் கயிறு இருந்தால் கழற்று என்று முதல் நாளே சண்டைக்குப் போக மாட்டோம். படையின் ஸ்கார்ஃப் தவிர வேறு நிறம் எதுவும் கூட்டத்துக்கு வராது என்று உறுதிமொழி ஏற்கும் நாளில் எல்லோருக்கும் பொதுவான விதியாகச் சொல்வோம், அவர்களாகவே கழற்றிவிட்டு வருவார்கள். வழக்கமாக அணிகளுக்கு விலங்கு, பறவை பெயர் வைப்பார்கள். சிங்கம், புலி என்று போனால் ஊர்ச் சுவரொட்டி வாடை வந்துவிடுகிறது என்பதால் நாங்கள் கூந்தன்குளம் சரணாலயத்துப் பறவைகளுக்குப் போய்விட்டோம். வரித்தலை வாத்து அணி என்று கத்தும்போது பையன்களுக்கே சிரிப்பு வரும், அதுவும் நல்லதுக்குத்தான்.

இது பேடன் பவலுக்கு எதிரான காரியம் என்றும் நினைக்க வேண்டாம். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் அவர் முதல் முகாம் போட்டபோது பணக்காரப் பள்ளிப் பையன்களையும் உழைப்பாளி வீட்டுப் பையன்களையும் வேண்டுமென்றே கலந்துதான் அணிகளைப் பிரித்தார். நம் பக்கமும் பாருங்கள், இந்தியப் பையன்களை அப்போதிருந்த சாரணர் சங்கத்தில் சேர்க்காததால்தான் 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் தனியாக ஒரு சாரணர் சங்கம் தொடங்க வேண்டியிருந்தது. யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி இந்த இயக்கத்துக்குப் புதிது இல்லை.

பெற்றோர் ஒருவர் வருவார். மிகவும் மரியாதையாக, "சார், தம்பிய வேற அணில போட முடியுமா, அவங்க கூட்டாளிகள்லாம் அங்கதான இருக்காங்க" என்பார். காரணம் கேட்டு விவாதம் செய்யாதீர்கள். அணி மாற்றம் அணித்தலைவர்கள் கூட்டத்தில்தான் முடிவாகும், பையன் அங்கே வந்து கேட்கட்டும் என்று சொல்லுங்கள். இந்தக் கூட்டத்துக்குக் கோர்ட் ஆஃப் ஹானர் என்று பெயர், இது அலங்காரத்துக்கு இல்லை. நிகழ்ச்சி, ஒழுங்கு, பணம் மூன்றையும் அங்கே பேசி முடிவெடுக்க விடுங்கள். பெரும்பாலும் பையன் கேட்கவே மாட்டான், ஏனென்றால் கேட்கச் சொன்னது அவன் இல்லை. முகாமில் அணிக்கு அணி தனி அடுப்பு, சமையல் முறை வைத்து மாறும், அவரவர் அணி சமைத்ததை அணியாக உட்கார்ந்து சாப்பிடுவது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டிலிருந்து தனிச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறோம் என்று வருகிறவர்களிடம் நோய், மருத்துவர் சொன்ன பத்தியம் தவிர வேறு எதற்கும் முடியாது என்று சொல்லிவிடலாம். இதனால் ஊர் மாறுமா என்றால், அப்படி நான் சொல்ல மாட்டேன். படைக்குள் இருக்கும் வரை ஒன்றாக இருக்கிறார்கள், அது என் கண்ணால் பார்த்தது. கல்லூரி போன பிறகும் அந்தப் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, சிலரிடம் இல்லை.

இதே காரணத்தால் இடமும் முக்கியம். ஒரு தெருக் கோயில் மண்டபத்தில் கூடினால் மற்ற தெருப் பையன்கள் வர மாட்டார்கள், சர்ச் வளாகம் என்றாலும் அப்படித்தான். அரசுப் பள்ளி மைதானம் கிடைத்தால் உத்தமம், தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நேரத்துக்கு ஞாயிறு காலையைத்தான் எல்லோரும் நினைப்பார்கள், ஆனால் நம் பக்கம் ஞாயிறு காலை என்றால் கிறிஸ்தவப் பையன்கள் ஆராதனைக்குப் போயாக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு எங்களுக்கு ஒத்துவந்தது, வெயிலும் இறங்கியிருக்கும்.

இரண்டு மணி நேரத்தில் என்ன செய்வது? கொடியேற்றம், உடனே ஒரு ஓட்ட விளையாட்டு, அப்புறம் ஒரே ஒரு திறமை, அணிகள் தனித்தனியாக உட்கார்ந்து பழகுவது, அதையே வைத்து ஒரு போட்டி, கொடியிறக்கம். விளையாட்டை முன்னால் வையுங்கள், பரிசாகப் பின்னால் வைக்காதீர்கள். பள்ளியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பையனை மறுபடி உட்காரவைத்துப் பேசினால் அடுத்த வாரம் வர மாட்டான். பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய சோபான், த்ரிதீய சோபான், ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி என்று படிநிலைகள் உண்டு, அதற்கான பாடத்திட்டம் அச்சில் கிடைக்கும். அதை வரிசையாக ஒப்பிக்க வேண்டாம், விளையாட்டுக்குள் கரைத்துக் கொடுக்க வேண்டும். பார்த்த பொருள்களை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லச் சொல்லும் கிம் விளையாட்டுக்குத் தட்டில் வைக்கும் பொருள்களாகப் புளியங்கொட்டை, பேருந்து டிக்கெட், பத்தமடைக் கோரை, சைக்கிள் வால் டியூப் என்று ஊரில் கிடைப்பதையே வைக்கலாம். கட்டுகள் சொல்லிக்கொடுக்க எனக்குக் கிடைத்த சிறந்த ஆள் ஒரு பந்தல்காரர். கிளவ் ஹிட்ச் என்ற பெயரே அவருக்குத் தெரியாது, ஆனால் சவுக்குக் கம்பில் கயிறைச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தால் ஆள் ஏறி நிற்கலாம். பையன்கள் புத்தகப் படத்தைப் பார்த்து ஒரு மாதம் திணறியது அவர் கையைப் பார்த்து ஒரே சாயங்காலத்தில் வந்துவிட்டது. லாரிக்குப் பாரம் கட்டுகிறவர், 108 வண்டியில் வேலை பார்க்கிறவர், தீயணைப்பு நிலையத்துக்காரர் என்று ஊரில் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள், இப்படி வந்தவர்களில் ஒருவர்தான் பின்னால் உங்களுக்குத் துணை சாரண ஆசிரியராகக் கிடைப்பார்.

தண்ணீர் பற்றி கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இருப்பது தாமிரபரணிக் கரை. ஆற்றங்கரைப் பையன்களுக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று நாம் நினைப்பது பழைய கதை, நிறையப் பேருக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்வார்கள். படித்துறையில் முழங்கால் அளவு இருக்கும், நாலு எட்டு தள்ளி மணல் அள்ளிய பள்ளம் ஆளை முழுங்கும். மேலே அணையில் திறந்துவிட்டால் கீழே நீர்மட்டம் மாறும், அது நமக்கு முன்கூட்டித் தெரியாது. என் முடிவு, படை நிகழ்ச்சியாக ஓடும் ஆற்றில் குளிப்பது கிடையாது. இதில் என்னோடு வாதாடியவர்கள் உண்டு, நீச்சல் கற்றுத்தராமல் சாரணன் எப்படி என்பார்கள். அது நியாயமான கேள்விதான். நீச்சலைக் குளத்திலோ கிணற்றிலோ நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் இருவர் நிற்கும்போது, பெற்றோர் கையெழுத்தோடு, இரண்டிரண்டு பேராக ஜோடி போட்டுக் கற்றுத்தரலாம். அதைவிட முக்கியமாக ஒன்றைக் கற்றுத்தாருங்கள்: மூழ்குகிறவனைக் காப்பாற்ற இறங்கக் கூடாது. கம்பை நீட்டு, வேட்டியை வீசு, கயிறை எறி, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு. நம் ஆறுகளில் ஒருவனுக்குப் பதில் இரண்டு மூன்று பேர் போவது எப்போதும் இப்படி இறங்கித்தான். சாரணர் கைத்தடிக்கும் போலைன் முடிச்சுக்கும் இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை.

காட்டுக்குப் போவதிலும் இதே எச்சரிக்கை. பாபநாசம், மணிமுத்தாறுக்கு மேலே முழுக்கக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாரம் போட முடியாது, போடவும் கூடாது. ஆரம்பத்தில் யாராவது ஒருவரின் தென்னந்தோப்பு போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளியில் தங்கும் முகாம் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்போது சாரணர்களைத் தண்ணீருக்குள் மீட்பு வேலைக்கு அனுப்பலாமே என்று கேட்டவர்களும் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பையனின் வேலை கரையில், அரிசியும் பாயும் பிரித்துக் கட்டுவது. ஆனித் தேரோட்டத்தில் தண்ணீர் கொடுப்பது, கூட்டத்தில் தவறிய பிள்ளைகளை ஒரே இடத்தில் உட்காரவைப்பது இதெல்லாம் அவர்களுக்குத் தகுந்த சேவை, அதிலும் அணியாக, நின்ற இடத்தைவிட்டு அலையாமல்.

இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது, அதைப் பேசக் கூச்சப்படுவார்கள். பையன்கள்தானே என்று நினைக்காதீர்கள், 2012-இல் வந்த போக்சோ சட்டம் ஆண் பெண் பார்ப்பதில்லை, பதினெட்டுக்குக் கீழே உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். பெரியவர் ஒருவரும் பையன் ஒருவனும் மட்டும் தனியாக இருக்கும் நிலை எங்கேயும் வரக்கூடாது: அறையில், பைக்கில், கூடாரத்தில், தனி வாட்ஸ்அப் பேச்சில். எந்த நிகழ்ச்சிக்கும் பெரியவர்கள் குறைந்தது இருவர். பெரியவர்கள் தூங்குவது தனிக் கூடாரத்தில். தண்டனை என்று கை ஓங்குவது, உடையைக் கழற்றச் சொல்வது எதுவும் கிடையாது. உதவிக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த விதி அவருக்கும் உண்டு, இதில் முகம் சுளிக்கிறவரைச் சேர்க்க வேண்டாம். ஒரு பையன் ஏதாவது சொன்னால் நாமே விசாரித்துச் சமாதானம் செய்துவைக்க நமக்கு உரிமை இல்லை. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் விடுவதே அந்தச் சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, அதைப் பையன்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகவே ஆக்கிவிடுங்கள்.

பதிவு விஷயத்தைச் சீக்கிரம் முடிக்கிறேன். பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பள்ளியைச் சாராத குழுவுக்கும் இடம் உண்டு, ஓப்பன் குரூப் என்று சொல்லிக் கேளுங்கள். 1950 நவம்பர் 7-இல் பழைய சங்கங்கள் இணைந்து உருவானது அது, உலக சாரணர் அமைப்பு இந்தியாவில் அங்கீகரித்திருப்பதும் அதைத்தான். சாரணர் பெயரில் வேறு அமைப்புகளும் ஆள் சேர்ப்பதால் இதைச் சொல்கிறேன். மாவட்டச் செயலரை நேரில் பாருங்கள், கட்டணமும் படிவமும் அப்போது நடப்பில் உள்ளதை அவர்தான் சொல்ல முடியும். நீங்கள் மூவரும் அடிப்படைப் பயிற்சிக்குப் போய்வாருங்கள், ஒருவர் போய்விட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்வது வேலைக்கு ஆகாது. கடவுள் நம்பிக்கை இல்லாத அப்பா ஒருவர் உறுதிமொழியில் கடவுள் வருகிறதே என்று கேட்கக்கூடும், அந்த இடத்தில் தர்மம் என்று சொல்லிக்கொள்ள விதியே அனுமதிக்கிறது, சண்டை வேண்டாம்.

சீருடையை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். முதலில் ஸ்கார்ஃப் மட்டும். நிலைத்து வருகிறவன் யார் என்று தெரிந்த பிறகு எல்லோருக்கும் ஒரே துணி எடுத்து ஒரே டெய்லரிடம் கொடுத்தால் செலவும் குறையும், வசதியில்லாத பையனுக்கு யார் கொடுத்தார்கள் என்பதும் வெளியே தெரியாது. வாரச் சந்தா ஐந்து ரூபாய் வைத்து அணிக் கணக்கைத் துணைத்தலைவர் எழுதட்டும். நன்கொடை கொடுக்க ஆள் வருவார்கள், கட்சிக்காரர் வருவார், சங்கத்துக்காரர் வருவார், பேனரில் பெயர் கேட்பார்கள். பேனரே இல்லாத படை என்று சொல்லிவிடுங்கள். கயிறு, கம்பு, முதலுதவிப் பெட்டி, கொடி, நாலு பாத்திரம், இதற்குமேல் முதல் ஆண்டில் எதுவும் தேவையில்லை.

இனி மாற்றல். பையன்கள் பக்கம் உங்களுக்கு ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்: பத்தாம் வகுப்பு வந்தால் டியூஷன் அணித்தலைவர்களைக் கொண்டுபோய்விடும், பன்னிரண்டில் நீட் வகுப்பு கொண்டுபோகும். ஆகவே எட்டாம் வகுப்பிலேயே துணைத்தலைவனாக ஆக்கி, ஒன்பதாம் வகுப்பில் தலைவனாக்கி, அவன் போகும்போது அடுத்தவன் தயாராக இருக்க வேண்டும். பெரியவர்கள் பக்கமும் இதே மாதிரிதான். மூன்று பேரில் யார் இல்லாமலும் ஒரு சனிக்கிழமை நடக்க வேண்டும், அதைச் சோதித்துப் பாருங்கள்: மூன்றாம் மாதத்திலிருந்தே மாதம் ஒரு கூட்டத்துக்கு நீங்கள் வேண்டுமென்றே போகாமல் இருங்கள், போன் செய்தும் கேட்காதீர்கள். பெற்றோர் இரண்டு மூன்று பேரை வைத்துக் குழுக் கமிட்டி ஒன்று போடுங்கள், அதில் அம்மாக்களும் இருக்கட்டும், விடாமல் வருகிறவர்கள் அவர்கள்தான். வங்கிக் கணக்கு உங்கள் தனிப் பெயரில் வேண்டாம், கமிட்டியில் இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள், வங்கிக்காரரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. வருகைப் பதிவேடும் பெற்றோர் போன் எண்களும் உங்கள் செல்போனில் மட்டும் இருக்கக் கூடாது, நோட்டில் எழுதிச் சாமான் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டிக்கு இரண்டு சாவி, ஒன்று ஊரைவிட்டுப் போக வாய்ப்பில்லாத ஒருவரிடம். எங்களுக்கு அது மைதானத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவர், உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார்.